மஞ்சளாகிப்போன உன் வெள்ளைச் சட்டை

என் செல்ல மகனுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அக்குளில் மஞ்சள், காலரில் பழுப்புக் கோடு. பிளீச் ஊற்றிய பிறகு முன்னைவிட மஞ்சளாகிவிட்டது என்று வருத்தப்பட்டிருந்தாய். உன் தப்பில்லைப்பா. சுருங்காத சட்டைகளுக்கு ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். பிளீச்சில் உள்ள குளோரின் பட்டால் அது மஞ்சளாகும். இழுத்தால் நீளும் துணிக்கும் அதே கதிதான். வெறும் பருத்தி என்றால் நூல் இற்றுப்போகும். உன் அப்பாவின் சட்டை ஒன்றை நான் அப்படித்தான் கெடுத்தேன். வாரா வாரம் பிளீச்சில் முக்குவேன். ஒருநாள் உதறிக் காயப்போடும்போது காலர் மடிப்போடு கிழிந்து கையில் வந்துவிட்டது. அன்றோடு அந்தப் புட்டியை விட்டேன்.

வெள்ளை மங்குவது பெரும்பாலும் துணியிலேயே தங்கிப்போன சோப்பாலும் உடம்பின் எண்ணெய்ப் பசையாலும்தான். துவைத்து மடித்து வைத்திருக்கும் துண்டு ஒன்றை எடுத்து, சோப்பே போடாமல் வெந்நீரில் கசக்கிப் பார். விரலிடுக்கில் நுரை கிளம்பும், தண்ணீர் கலங்கும். எல்லாம் முன்பு போட்ட பவுடர். உப்புத் தண்ணீரில் சோப்புப் போட்டுத் துவைத்தால் இன்னும் மோசம். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து சாம்பல் படிவாக நூலில் ஒட்டிக்கொள்ளும்.

அதற்குச் சலவைச் சோடாதான் என் கைகண்ட மருந்து. 10 லிட்டர் வெந்நீரில் 2 மேசைக்கரண்டி கரைத்து, பருத்தி வெள்ளைகளை இரண்டு மணி நேரம் ஊறப்போடு. தண்ணீரின் கடினத்தை அது முறிக்கும், எண்ணெய்ப் பசையையும் இளக்கும். கையுறை மறக்காதே, தோல் எரியும். பட்டு, கம்பளிப் பக்கம் கொண்டுபோகாதே. ரத்தக் கறை இருந்தால் முதலில் பச்சைத் தண்ணீரில் போக்கிவிடு. சூடு பட்டால் கறை உறைந்துவிடும்.

ஊறியதும் வழக்கமான பவுடரில் பாதி போதும். வெள்ளையைத் தனியாகப் போடு, மெஷினை அடைக்காதே. துணிக்கு நடுவே தண்ணீர் ஓடினால்தான் அழுக்கு வெளியேறும். அலசுவதை மட்டும் இரண்டு முறை செய்.

அக்குள் மஞ்சள் வேறு விஷயம். வியர்வையைத் தடுக்கப் பூசுகிறாயே, அதிலுள்ள அலுமினிய உப்பு வியர்வையோடு சேர்ந்து பிடிக்கும் கறை அது. வெள்ளை வினிகரை அந்த இடத்தில் மட்டும் நனைத்து அரைமணி விட்டு, மெதுவாகத் தேய். ஆனால் கண்ணா, இதைக் கவனமாகப் படி: அந்தச் சட்டையில் பிளீச் மிச்சம் இருக்கலாம். நாலைந்து தண்ணீரில் நன்றாக அலசின பிறகே வினிகர். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். ஜன்னலைத் திறந்து வை.

சொட்டு நீலம் அழுக்கை எடுக்காது. மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்கும், அவ்வளவே. அதனால் அது கடைசியில்தான். ஒரு வாளித் தண்ணீரில் சில சொட்டு விட்டு நன்றாகக் கலக்கு. துணியை விரித்து ஒரே முக்காக முக்கி உடனே எடு. கட்டியாகப் போட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். பிறகு நேர் வெயிலில் காயப்போடு.

இனி வேர்த்த சட்டையை ஒருநாள்தானே போட்டோம் என்று அலமாரியில் மாட்டாதே. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பசைதான் இருந்து இருந்து மஞ்சளாகிறது.

துண்டை இன்றைக்கே வெந்நீரில் கசக்கிப் பார்த்து, தண்ணீர் எந்த நிறத்துக்கு வந்தது என்று படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா