கௌரிக்கு, அம்மாவை அழைத்து வருவது பற்றி

அன்புள்ள கௌரி,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். பெரியவனுக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்துவிட்டது, பஸ்ஸில் போய் வருகிறான். நீ மெசேஜ் அனுப்பி எத்தனை நாளாச்சு, பதிலே இல்லை என்று நீ கொதித்துக்கொண்டிருப்பாய், போனில் வைத்துக்கொள்ளலாம் அந்தச் சண்டையை. "அம்மா கிருஷ்ணகிரி வீட்டுக்கே திரும்பிப் போகிறேன் என்று அடம்பிடிக்கிறாள், நம்ம ஏரியா இப்போது எப்படி?" என்று கேட்டிருந்தாய். நானும் எழுதலாம் எழுதலாம் என்றிருந்தபோது ராணி டீச்சருக்கு இப்படி ஆகிவிட்டது.

தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள் கௌரி. சாயங்காலம், முழுசாக இருட்டக்கூட இல்லை, பால் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். பைக்கில் இரண்டு பேர், ஒருத்தன் அட்ரஸ் கேட்பது மாதிரி நிறுத்தியிருக்கிறான். கீழே விழுந்ததில் முழங்கை பெயர்ந்து, கழுத்தில் கொடி இழுத்த தடம் கன்றிப்போய்க் கிடக்கிறது. நகை போனதை அவர் இரண்டாவதாகத்தான் சொல்கிறார், "நான் கத்தினேன், ஒரு கதவுகூடத் திறக்கலை" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அந்த இடத்தில் திறக்க என்ன கதவு இருக்கிறது? ஒரு பக்கம் பூட்டிய வீடு, இன்னொரு பக்கம் முள் மண்டிய மனை.

ஸ்டேஷனில் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நகை "தவறிவிட்டது" என்று எழுதிக் கொடுங்கள், சி.எஸ்.ஆர். ரசீது தருகிறோம் என்றார்களாம். புகார் வந்தது என்பதற்கான சீட்டுதான் அது, வழக்கு இல்லை. அரை மார்க்குக்கு நம்மை எப்படி அழ வைத்தவர் அவர், அவரிடமா! "தவறவில்லை, பறித்தார்கள், அப்படித்தான் எழுதுவேன்" என்று கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குக் கிடைத்தது சி.எஸ்.ஆர். மட்டும்தான். மறுநாள் ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு மேலதிகாரியைப் பார்த்த பிறகுதான் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். இதற்கு மேலதிகாரி வரை போகவே வேண்டியதில்லை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரே சொன்னால் வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் சொல்லியாகிவிட்டது. 2024 ஜூலையில் ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்தில் பறிப்புக்கென்றே 304 என்று தனிப் பிரிவும் இருக்கிறது.

இப்போது நீ அனுப்பிய அந்தக் குற்றக் கணக்குக்கு வருகிறேன். "சின்ன ஊர்தானே, பெரிய நகரங்களைவிட ரேட் குறைவாகத்தான் இருக்கும்" என்று எழுதியிருந்தாய். அடியே, நீ இருக்கிற கோயம்புத்தூருக்குத் தனிக் கணக்கு உண்டு, ஏனென்றால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 20 லட்சம் மக்களுக்கு மேல் உள்ள நகரங்களைத்தான் தனியாக எடுத்துப் போடுகிறது. நம்ம ஊர் மாவட்டக் கணக்குக்குள் போய்விடும். 2011 கணக்கெடுப்புப்படியே மாவட்டத்தில் கிட்டத்தட்ட 18.8 லட்சம் பேர். ஓசூர் தொழிற்பேட்டையும், அஞ்செட்டி மலைக் கிராமங்களும், ஊத்தங்கரையும், நம்ம ராயக்கோட்டை ரோடும் எல்லாம் ஒரே எண்ணுக்குள். அதில் உங்கள் அம்மா நடக்கும் தெருவை எங்கே தேடுவாய்?

அதைவிடப் பெரிய விஷயம், அந்தக் கணக்கு எண்ணுவது குற்றங்களை அல்ல, பதிவான வழக்குகளை. டீச்சர் மட்டும் "தவறிவிட்டது" என்று எழுதியிருந்தால் நம் தெருவில் அன்று எதுவுமே நடக்கவில்லை. ஒரே எஃப்.ஐ.ஆரில் நாலு குற்றம் இருந்தாலும் அதில் பெரிய ஒன்றைத்தான் கணக்கில் சேர்ப்பார்கள். 2020-ஐ எடுத்துக்கொள், தமிழ்நாட்டில் ஐ.பி.சி. வழக்குகள் ஒரே வருடத்தில் சுமார் ஐந்து மடங்காக ஏறின. ஊரே வீட்டுக்குள் கிடந்த வருடம்! ஏறியதில் பெரும்பகுதி ஊரடங்கை மீறியவர்கள் மேல், அரசு உத்தரவை மீறியதற்கான 188-வது பிரிவில் போட்ட வழக்குகள்தான். ஆக, எண் ஏறினால் பயப்பட வேண்டும், இறங்கினால் நிம்மதியாகத் தூங்கலாம் என்பதெல்லாம் இல்லை. நம்ம ஸ்டேஷனில் அடுத்த வருடம் பறிப்பு வழக்கு கூடியிருந்தால் நான் சந்தோஷம்தான் படுவேன், புகாரை மறுக்காமல் வாங்குகிறார்கள் என்று.

இன்னொன்று. நம்ம ஊர் எப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். குப்பம் பக்கம் போனால் ஆந்திரா, ஓசூரைத் தாண்டினால் கர்நாடகா, சென்னை, சேலம், திருவண்ணாமலை என்று எந்தப் பக்கமும் ரோடு. பறித்தவன் இரண்டு மணி நேரத்தில் வேறு மாநிலத்தில் இருப்பான். நாளைக்கே பெங்களூரில் எவனாவது பிடிபட்டு நகை கிடைத்தாலும், இங்கே வழக்கு என்று ஒன்று இருந்தால்தான் கோர்ட்டில் மனுப் போட்டு வாங்க முடியும். சி.எஸ்.ஆர். ரசீதைக் காட்டி என்ன கேட்பது?

சரி, அம்மா விஷயம். வரட்டும் என்றுதான் சொல்கிறேன். கோயம்புத்தூர் ஃபிளாட்டில் யார் முகமும் தெரியாமல் உட்கார்ந்திருப்பதைவிட இங்கே வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை அதட்டிக்கொண்டிருப்பது அவர் உடம்புக்கு நல்லது, பெரிய பாப்பா கல்யாணத்தில் சமையல்காரரை விரட்டினாரே, அந்தத் தெம்பு இன்னும் இருக்கும். ஆனால் மாடியைக் காலியாகப் போடாதே. குடும்பமாக யாராவது வாடகைக்கு வரட்டும். வெளியூர் போகும்போது ஸ்டேஷனில் பூட்டிய வீடு என்று எழுதிக் கொடுத்துவிடு, ரோந்து வருகிறவர்கள் பார்ப்பார்கள். நூறும் 112-ம் அம்மா போனில் முதலில் இருக்கட்டும்.

அப்புறம், சொல்லாமல் விட மனசு வரவில்லை. டீச்சர் விழுந்த இடம் உன் மனைக்கு எதிரேதான். பூட்டிக் கிடக்கும் வீடும் உன்னுடையதுதான். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, அங்கே நீ இருந்திருந்தால் நீதான் முதல் ஆளாக ஓடி வந்திருப்பாய். ஆனால் அந்தச் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து கம்பத்து லைட்டையே மறைக்கிறது, லைட்டும் எரிவதில்லை. நகராட்சிக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன், தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. வீட்டுக்காரி என்ற முறையில் உன் கையெழுத்தும் வேண்டும், போட்டோ எடுத்து அனுப்புகிறேன், பிரிண்ட் போட்டுக் கையெழுத்திட்டுக் கூரியரில் அனுப்பு. முள் வெட்ட ஜே.சி.பி.க்காரரிடம் பேசிவிட்டேன், மணிக்கணக்கு வாடகை, நீ சரி என்றால் வரச் சொல்கிறேன். அம்மா வருவதற்குள் முடித்துவிடலாம்.

டீச்சருக்கு ஒரு போன் போடு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் போடு, அதுவரை டியூஷன் பிள்ளைகள் இருப்பார்கள்.

அன்புடன்,
விஜயா