ஆண்டறிக்கை 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் இயங்கிவரும் நம் இசை ரசிகர் சங்கத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

2024 டிசம்பரில் மறைந்த தபலா மேதை ஜாகிர் உசேனுக்கு ஜனவரிக் கூட்டத்தில் அஞ்சலி செலுத்தினோம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மடிக்கணினி இசைக்குழுவோடு அவர் வாசித்திருக்கிறார் என்பதைக் கல்லூரி மாணவியான நம் உறுப்பினர் ஒருவர் அன்று எடுத்துச் சொன்னார். மடிக்கணினிகளையே வாத்தியங்களாக வாசிக்கும் அந்தக் குழுவை அங்கே பேராசிரியர்களாக இருந்த டான் ட்ரூமனும் பெர்ரி குக்கும் 2005இல் தொடங்கினார்கள். இவ்வளவு பக்கத்தில் நடந்த முயற்சி நம்மில் பலருக்கு அன்றுதான் தெரியவந்தது. அதே போன்ற குழு ஒன்றைத் தொடங்க நம் இளைஞர்களுக்கு அந்தக் கூட்டத்திலேயே ஒப்புதல் தரப்பட்டது.

கணினியே வாசித்துவிடும் என்றால் இவர்களுக்கு என்ன வேலை என்று மூத்த உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இதற்கு விடை ஒலிபெருக்கியில் இருக்கிறது. மைக் வைத்த கச்சேரியில் எல்லா ஓசையும் மேடையோரத்துப் பெட்டிகளில் போய்க் கலந்துவிடுகிறது. பிரின்ஸ்டன் குழுவிலோ ஒவ்வொருவர் பக்கத்திலும் அவரவருக்கென்று அரைக்கோள வடிவ ஒலிபெருக்கி உண்டு. ஓசை வாசிப்பவர் இருக்கும் இடத்திலிருந்தே எழும். வீணையின் நாதம் வீணையிலிருந்தே வருவதைப் போல. 2008இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கே வாங் தொடங்கிய இதே போன்ற குழு, ஐக்கியா கடையின் சாலட் கிண்ணங்களைக் கவிழ்த்தே இந்த ஒலிபெருக்கிகளைச் செய்துகொண்டது.

நம் பிள்ளைகளும் அதே வழியில் இறங்கினார்கள். பொருளாளர் வீட்டுக் கார் கொட்டகையில் மரக்கிண்ணங்களைக் கவிழ்த்து, ஆறு துளையிட்டு, காருக்கான சிறு ஒலிபெருக்கிகளைப் பொருத்தினார்கள். முதல் கிண்ணம் துளையிடும்போதே விளிம்புவரை விரிசல் விட்டது. அடுத்ததில் காகித நாடா ஒட்டி மெதுவாகத் துளைத்தார்கள்; விரிசல் விடாமல் நின்றது. அந்தக் கிண்ணத்திலிருந்து முதல் சுருதி எழுந்தபோது கொட்டகையில் இருந்த அனைவரும் கைதட்டினோம்.

நிரல்களை 'சக்' என்ற கணினி மொழியில் எழுதுகிறார்கள். இதுவும் பிரின்ஸ்டனில் கே வாங்கும் பெர்ரி குக்கும் உருவாக்கியதுதான். எந்த ஓசை எந்த நொடியில் எழ வேண்டும் என்பதை நிரலிலேயே துல்லியமாகக் குறித்துவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்தவும் செய்யலாம். கணினிகளை வைஃபையில் இணைத்தபோது தாளம் முன்பின்னாக விழுந்தது. கேபிள் போட்டு, ஒரே கணினியிலிருந்து மற்றவற்றுக்குத் தாள அடி போகும்படி செய்ததும் சீரானது.

அக்டோபரில் அரங்கேற்றம். மிருதங்க ஆசிரியர் நடுவில் அமர, பிள்ளைகள் அவரைச் சுற்றி அரைவட்டமாக அமர்ந்தார்கள். "திரையைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்" என்று ஒத்திகை முழுவதும் சொல்லிவந்தவர் அவர். அது பலித்தது. ஒரு பெண் தன் ஓசையைத் தணித்து அடுத்தவருக்கு வழிவிட்ட இடத்தில், இது கூட்டிசைதான் என்பதில் எனக்கு ஐயமே இல்லாமல் போயிற்று.

ஆண்டு இசைப்போட்டியும் நூலகமும் வழக்கம்போல் நடந்தன.

ஒலிபெருக்கிகளை வாரந்தோறும் காரில் ஏற்றி இறக்குவதில் ஒயர்கள் தளர்ந்துவிடுகின்றன. ஒத்திகைக்கு நிலையான அறை ஒன்றை வாடகைக்கு எடுக்க வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். உறுப்பினர்கள் ஆதரிக்க வேண்டுகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்துப் படிப்பார்.

செயலாளர்