பதிமூன்றாவது பங்காளி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடித்துக் கட்டுவது பற்றி சென்ற ஞாயிறு வெளியான கட்டுரையை எங்கள் ஃபிளாட்டில் ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டோம். புதிய சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும், ஓரிருவர் முரண்டு பிடிப்பதால் இனி வேலை நிற்காது என்று எழுதியிருந்தீர்கள். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் மேற்கு மாம்பலத்தில் 12 வீடுகள் கொண்ட ஒரு சங்கத்துக்கு ஆறு வருடமாகச் செயலாளராக இருக்கிறேன் (வேறு யாரும் முன்வராததால்தான்). அந்த அனுபவத்தில் சொல்கிறேன், தலை எண்ணுவது சுலபம். எங்களுக்கு 8 பேர் சம்மதம் போதும். முதல் கூட்டத்திலேயே 10 பேர் சரி என்றுவிட்டார்கள். ஒன்றரை வருடம் ஆகிறது, ஒரு செங்கல் நகரவில்லை.

எங்கள் கட்டடம் 1991-ல் கட்டியது. இரண்டு கிரவுண்டு (4,800 சதுர அடி) மனை, தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடியும், தளத்துக்கு நாலு வீடு, ஒவ்வொன்றும் 600 சதுர அடி. லிஃப்ட் கிடையாது. மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற எஃப்.எஸ்.ஐ. அன்று 1.5, இன்று 2. அதாவது 7,200 சதுர அடி நிற்கிற இடத்தில் 9,600 கட்டலாம். அந்த 2,400 சதுர அடிக்காகத்தான் பில்டர்கள் எங்களைத் தேடி வருகிறார்கள். வந்தவர் காபி குடித்து முடித்ததும் கேட்கிற முதல் கேள்வி, “டாக்குமெண்ட்ஸ் எல்லாம் கிளியரா சார்?”

அதைப் பார்க்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை 12 வீட்டுப் பத்திரங்களையும் ஜெராக்ஸ் எடுத்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் பரப்பினோம். மாடி வீட்டு ரிட்டயர்டு வங்கிக்காரர் கால்குலேட்டரோடு உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு பத்திரத்திலும் ‘பிரிபடாத பாகம்’, அதாவது பொதுவான மனையில் அந்த வீட்டுக்குரிய பங்கு, எத்தனை சதுர அடி என்று பார்த்து வாசித்தேன். 380. 380. 410. 365. ஒரே அளவு வீடு, எதிரும் புதிருமாக இருக்கிற கதவு, ஆனால் மனையில் ஒருவருக்கு 410, இன்னொருவருக்கு 365. முதலில் புக் செய்தவருக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள், கடைசியில் வந்தவருக்குக் கிள்ளி. சரி, அதுகூடப் போகட்டும். கூட்டினால் 4,560 வந்தது. இரண்டு கிரவுண்டு என்றால் 4,800. வங்கிக்காரர் தன் கணக்கை நம்பாமல் மூன்று முறை போட்டார். ஒவ்வொரு முறையும் 240 சதுர அடி குறைந்தது.

இது எப்படி நடந்தது என்பது அந்தக் காலத்தில் ஃபிளாட் வாங்கியவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கென்று தனிப் பத்திரம் கிடையாது. மனையில் இத்தனை சதுர அடி பிரிபடாத பாகம் என்று ஒரு கிரையப் பத்திரம், வீடு கட்டித் தர ஒரு கட்டுமான ஒப்பந்தம். புதிய ஃபிளாட்டுகளுக்கு நிலத்தையும் வீட்டையும் சேர்த்து ஒரே மதிப்பில் பதிவு செய்கிற முறை 2023 டிசம்பரில்தான் வந்தது. அதுவரை பில்டர் சொன்னதுதான் பிரிபடாத பாகம். பின்னால் இன்னொரு மாடி எழுப்பலாம் என்ற ஆசையில் கொஞ்சம் தன் கையில் நிறுத்திக்கொள்வது பலருடைய வழக்கம். எங்கள் வில்லங்கச் சான்றைப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்ததில், அந்த 240 இன்னமும் பழைய மனைக்காரர் பெயரில்தான் இருக்கிறது. அவர் காலமாகிவிட்டார். வாரிசுகள் மூன்று பேர், ஒருவர் வெளிநாட்டில். இந்தக் கட்டடத்தில் அவர்களுக்கு வீடு கிடையாது, மெயின்டெனன்ஸ் கட்டியதும் கிடையாது. ஆனாலும் பங்காளிகள். கிரவுண்டு கோடிகளில் போகிற ஊரில் 240 சதுர அடி சில்லறையும் இல்லை. அவர்களை ஒதுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட எந்த பில்டரும் தயாராக இல்லை.

பிழைத்திருத்தப் பத்திரம் போட்டுவிடலாமே என்று ஒரு வாசகர் நினைக்கலாம். நாங்களும் நினைத்தோம். அதற்கு விற்றவரும் கையெழுத்துப் போட வேண்டும். விற்றவர் இல்லையென்றால் வாரிசுச் சான்றில் தொடங்கி எல்லாவற்றையும் 12 பத்திரங்களுக்கும் செய்ய வேண்டும்.

இதற்கெல்லாம் வழி முன்பே இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். 1994-லேயே தமிழ்நாட்டில் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் போட்டார்கள். எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் ஒரு கட்டடம்கூட அதன்படி எதையும் பதிவு செய்யவில்லை. 1975-ஆம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்து, தண்ணீர் லாரிக்கும் வாட்ச்மேன் சம்பளத்துக்கும் கணக்கு எழுதிக்கொண்டு காலத்தை ஓட்டினோம். 2022-ல் இயற்றிய புதிய சட்டம் 2024 மார்ச் 6-ல் நடைமுறைக்கு வந்தது, விதிகள் அதே வருடம் செப்டம்பரில் வந்தன. புதிதாக வாங்குகிறவர்களுக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் இருக்கிறது. பொதுப் பகுதியைச் சங்கத்தின் பெயருக்கு பில்டரே எழுதித் தர வேண்டும் என்று அதன் 17-ஆவது பிரிவு கட்டாயமாக்குகிறது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள், எண்பது தொண்ணூறுகளில் எட்டும் பத்துமாக எழும்பிய சின்னக் கட்டடங்கள். (பொது மின் இணைப்புக் கட்டணத்தை யூனிட்டுக்கு 8 ரூபாயிலிருந்து ஐந்தரையாக 2023-ல் குறைத்தபோதுகூட, லிஃப்ட் இல்லாமல் 10 வீடு வரை என்று வைத்தார்கள். எங்களுக்கு இரண்டு வீடு அதிகமாகிப் போயிற்று.)

உங்கள் கட்டுரையில் இன்னொரு சொல் உறுத்தியது. சம்மதிக்காதவர்களை ‘முட்டுக்கட்டை’ என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் கட்டடத்தில் சம்மதிக்காத இருவரில் ஒருவருக்கு முட்டுக்கட்டை என்பது பொருந்தும். அவர் கேட்கிற தொகையை இங்கே எழுத எனக்கே கூச்சம். இன்னொருவர் தரைத்தளத்தில் தனியாக இருக்கிற மாமி, வயது 82. “ரெண்டு வருஷத்துல கட்டிடுவேங்கறா. இந்த வயசுல என்னை நம்பி யார் வாடகைக்கு வீடு தருவா? நீயே சொல்லு” என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. கணக்குப்படி அவர் சம்மதம் எங்களுக்குத் தேவையில்லை. ஆனால் கட்டடத்தின் 1989-ஆம் வருட ஒரிஜினல் ப்ளூபிரிண்டை, மடிப்பில் கிழிந்த இடத்துக்கு மைதா ஒட்டி, டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தவர் அவர்தான். எங்கள் சங்கத்து அலமாரியில் அது இல்லை.

அரசிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஒரு கட்டடத்தின் எல்லாப் பத்திரங்களையும் சார்பதிவாளர் முன் மொத்தமாக வைத்து, விட்டுப்போன பாகத்தையும் ஏறுக்குமாறான அளவுகளையும் ஒரே நடவடிக்கையில் சரிசெய்ய ஒரு வழி வேண்டும். விற்றவர் இல்லாத இடத்தில் வாரிசுகளுக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர்கள் பங்குக்கு மதிப்பும் நிர்ணயித்துத் தீர்க்கட்டும். முத்திரைத் தீர்வையில் சலுகை கொடுத்தால் இன்னும் நல்லது. உங்கள் நிருபர் பதிவுத் துறையிடம் இதைக் கேட்டு எழுதினால், எங்கள் தெருவில் மட்டும் ஏழெட்டுக் கட்டடக்காரர்கள் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

வாரிசுகளில் மூத்தவரை ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டோம். அப்பா அப்படி ஒரு இடம் வைத்திருந்ததே தெரியாது என்றார். வருகிற ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாமி அவருக்கும் சேர்த்து அடை வார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
அடுக்ககச் சங்கச் செயலாளர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை-33