கல்லொட்டிக்கு விடிய விடிய ஒரு சொம்பு

தாண்டிக்குடி,
ஐப்பசி கடைசி ஞாயிறு.

அன்புள்ள சுந்தரத்துக்கு,

இங்கு எல்லோரும் நலம்; உன் மூட்டுவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாததற்குக் காப்பிப் பழப் பறிப்பைச் சாக்குச் சொல்லலாம், ஆனால் உன்னிடம் அது செல்லாது. ஏறக்குறைய இரண்டு மாதமாக என் பொழுதையெல்லாம் நான்கு மீன்கள் தின்றுகொண்டிருந்தன. இப்போது அவை மூன்று.

காலாண்டு விடுமுறைக்கு வந்த பேரன், நம் தோட்டத்து வாய்க்காலில் கல்லைப் புரட்டி, விரல் நீளக் கல்லொட்டிகள் நான்கைத் தூக்குச்சட்டியில் பிடித்து வந்துவிட்டான். அந்த வயதில் நாம் செய்ததுதான்; உனக்கு அன்று என்ன நனைந்தது என்பதை இங்கே எழுத வேண்டாம். திட்டி அனுப்பியிருக்க வேண்டியவன், இரண்டடிக் கண்ணாடித் தொட்டி வாங்கிக் கொடுத்தேன். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை இருப்பதால், ஒரு நாள் அண்டாவில் திறந்து வைத்த பிறகே ஊற்றுகிறேன். தாடைக்கடியில் இருக்கும் வட்டத் தட்டால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அவை பாசியைச் சுரண்டுவதை உட்புறமிருந்து பார்ப்பது போலப் பார்க்க முடிகிறது; வாய்க்கால் கரையில் குப்புறப் படுத்தும் நமக்கு அது வாய்த்ததில்லை. உருண்டைக் கற்களை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கை வெயிலில் தொட்டித் தண்ணீரில் போட்டுப் பாசி பிடிக்கவைத்து, வாரம் ஒருமுறை மாற்றிக் கொடுக்கிறேன். 'மாட்டுக்குத் தீவனம் மாற்றுவதற்குக்கூட இவ்வளவு அக்கறை கிடையாது' என்பது உன் தங்கச்சியின் புகார்.

போன கடிதத்தில் நீ, 'மலைத் தண்ணீர் குளிர்ந்தது, அதில் பிராணவாயு தாராளமாக இருக்கும், உனக்கென்ன கவலை' என்று எழுதியிருந்தாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், போன வாரம் மழையில் இரவு ஒன்பது மணிக்கு மின்சாரம் போகும் வரை. பம்பு நின்றதும் நீரோட்டம் நின்றது; பதினோரு மணிக்கு அடியில் ஒட்டிக் கிடக்க வேண்டிய மீன்கள் நான்கும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. டார்ச்சை அவளிடம் கொடுத்துவிட்டு, சொம்பில் மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றத் தொடங்கினேன். கை ஓய்ந்தால் அவள் ஊற்றுவாள். விடிய விடிய இதே வேலை. 'கல்யாணமான புதிதில்கூட நீங்கள் இப்படிக் கண்விழித்ததில்லை' என்றாள். நியாயமான குற்றச்சாட்டுதான்.

மறுநாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். கடல்மட்டத்தில் 20 பாகைத் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயு பிடிக்கும். 30 பாகையில் அது 7.5 அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் நம் ஊர் ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவு, அந்த விகிதத்தில் தண்ணீர் பிடிக்கும் வாயுவும் குறைந்து, இங்குள்ள 20 பாகைத் தண்ணீரில் 7.7தான் தேறும். அதாவது, குளிர் கொடுத்ததை உயரம் வாங்கிக்கொண்டுவிட, என் தொட்டியும் உன் சென்னை வீட்டுத் தொட்டியும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன! ஓடையில் இவை சுகமாக இருப்பதற்குக் காரணம், தண்ணீர் பாறைக்குப் பாறை விழுந்து புரண்டு, இழந்த வாயுவை அந்தந்த நிமிடமே மீட்டுக்கொள்வது. அந்தப் புரளலைத்தான் நான் சொம்பால் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஆனால் அந்த நான்கில் ஒன்று செத்தது மின்வெட்டால் அல்ல, என் முட்டாள்தனத்தால். பேரன் கேட்டான் என்று வத்தலக்குண்டில் ஒரு தங்கமீன் வாங்கித் தொட்டியில் விட்டிருந்தேன். மின்வெட்டுக்கு இரண்டு நாள் கழித்துக் கல்லொட்டிகளின் துடுப்பில் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். தங்கமீனோடு வந்த ஒட்டுண்ணி அது; மீனை விட்டு உதிர்ந்து, அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பெருகித் திரும்பி வருகிறது. நீந்தித் திரியும் அந்தச் சில மணி நேரத்தில் மட்டுமே மருந்து அதைத் தொடும். சூடான தண்ணீரில் ஒரு வாரத்தில் முடியும் சுற்று இங்குள்ள குளிரில் நீண்டுபோவதால், மருந்தையும் நீட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. தங்கமீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது குண்டாகத் திரிகிறது.

'பாவம், வாய்க்காலில் விட்டுவிடு' என்று நீ எழுதுவாய் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: விட மாட்டேன். புள்ளி மறைந்த மீனும் நோயைச் சுமந்திருக்கலாம். நம் வாய்க்கால் தண்ணீர் கீழே எத்தனை மடுக்களைத் தொட்டுப் போகிறது என்பது உனக்குத் தெரியாததா? சந்தையிலிருந்து வந்த ஒன்றோடு ஒரு தொட்டியில் இருந்த மீன், இனி ஓடைக்கு உரியது இல்லை. கல்லொட்டி சாணுக்கு நெருக்கமாக வளரக்கூடியது. ஆகவே பெரிய தொட்டியும் நானே வாங்க வேண்டும், பேரனுக்கு நானே விளக்கவும் வேண்டும். விடுமுறைக்கு அவன் திரும்பி வந்ததும் முதலில் எண்ணிப் பார்ப்பான். அதை நினைத்தால் இரவில் தூக்கம் வரவில்லை, சுந்தரம்.

பொங்கலுக்கு நீ வருவது உறுதிதானே? வரும்போது பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்று வாங்கி வா, இங்கு கிடைக்கவில்லை. வந்ததும் பணம் தருகிறேன். சைக்கிள் பாக்கியை இதில் கழித்துக்கொள்ளாதே.

உன்,
கணபதி