சித்திரக்கதைச் சேகரிப்போர் மன்றம்: ஆண்டறிக்கை 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் என் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நமது மன்றம் ஆற்றிய பணிகளைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

பழைய தொடர்களின் கெட்டி அட்டை மறுபதிப்புகளை எதைப் பார்த்து வாங்குவது என்ற கேள்வியை ஓராண்டு எடுத்துக்கொண்டு ஆராய்வதென்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்திருந்தோம். அயல்நாட்டுத் தொகுதி ஒன்றின் விலையும் அதை வரவழைக்கும் செலவும் சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் மாத மளிகைக் கணக்கைத் தொட்டுவிடும் இந்நாளில், அட்டைப்படத்தின் கவர்ச்சியை நம்பிப் பணம் கட்டுவது நடுத்தர வருவாய் உடைய நம் உறுப்பினர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே மாதக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை இதற்கே ஒதுக்கி, மன்ற நூலகத்தில் உள்ளவற்றையும் உறுப்பினர்கள் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்தவற்றையும் மேசைமேல் பரப்பி, பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுப் பார்த்தோம். அட்டை, தாள், அச்சு ஆகிய எல்லாவற்றுக்கும் முன்னதாக, எந்த மூலத்திலிருந்து படியெடுத்தார்கள் என்பதே ஒரு தொகுதியின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்ற முடிவுக்குச் செயற்குழு ஒருமனதாக வந்திருக்கிறது.

மார்வெல் நிறுவனத்தின் மாஸ்டர்வொர்க்ஸ் வரிசையை முதலில் எடுத்துக்கொண்டோம். 1987-இல் ஸ்பைடர்மேன், ஃபென்டாஸ்டிக் ஃபோர், எக்ஸ்-மென் ஆகிய மூன்று தொடர்களின் முதல் பத்து இதழ்களைத் தனித்தனித் தொகுதிகளாக வெளியிட்டுத் தொடங்கிய இவ்வரிசை இன்றுவரை வளர்ந்து வருகிறது. அதைப் பின்தொடர்ந்து 1989 முதல் டிசி நிறுவனம் ஆர்க்கைவ்ஸ் என்ற பெயரில் சூப்பர்மேன், பேட்மேன் முதலிய பழந்தொடர்களைக் கெட்டி அட்டையில் கொண்டுவந்தது. பல பழைய இதழ்களுக்கு அச்சுக்கு உகந்த பிலிமோ மூல ஓவியமோ கிடைக்காத அந்நாளில் கிரெக் தீக்ஸ்டன் என்பவரின் முறை கைகொடுத்தது. பழைய இதழ் ஒன்றைப் பிரித்து, அதன் தாள்களை வேதிக் கரைசலில் இட்டு, வண்ண மையை மட்டும் வெளுக்கச் செய்தால் கறுப்புக் கோடுகள் தாளில் நிற்கும். அவற்றைப் படமெடுத்துப் புதிதாக வண்ணம் தீட்டி அச்சிட்டார்கள். அதாவது, ஒரு தொகுதி உருவாவதற்கு எங்கோ ஒரு சேகரிப்பாளர் அரைநூற்றாண்டாகப் போற்றி வைத்திருந்த பிரதி தன்னையே கொடுத்திருக்கிறது. இந்தச் செய்தியைக் கேட்ட நாளில் நம் கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அந்தத் தொகுதிகளைப் பற்றி என் மனத்தில் இருந்த மதிப்பு அன்று கூடியதே ஒழியக் குறையவில்லை.

சாணித்தாளுக்கென்று தேர்ந்த வண்ணங்களை வழுவழுப்பான வெள்ளைத் தாளில் அப்படியே இட்டால் கண் கூசுகிறது என்பதையும் உறுப்பினர் பலர் கவனித்தனர். ஈசி என்ற அமெரிக்கச் சித்திரக்கதை நிறுவனத்தின் 1950-களின் கதைகளைக் கணினி வண்ணத்தில் தந்த ஈசி ஆர்க்கைவ்ஸ் தொகுதிகளில் வானமும் முகமும் ஒளியிலிருந்து நிழலுக்கு வழுக்கிச் செல்வது, அழுத்தமான தூரிகைக் கோட்டுக்குப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உடைய உறுப்பினர்களும் உள்ளனர். அவ்வரிசை 2006-இல் ஒரு பதிப்பகத்தில் தொடங்கி இடையில் நின்றுபோய், பிறகு டார்க் ஹார்ஸ் பதிப்பகத்தின் கைக்கு வந்து சேர்ந்தது. அதே கதைகளை ரஸ் காக்ரன் அதற்கு வெகுமுன்பே கறுப்பு வெள்ளையில், உறையிட்ட பெருந்தொகுதிகளாக வெளியிட்டிருந்தார். ஈசியின் உரிமையாளர் வில்லியம் கெய்ன்ஸ் தம் ஓவியர்கள் வரைந்த மூலத்தாள்களைக் கைவிடாமல் காத்து வைத்திருந்ததால்தான் அந்தப் பதிப்பு இயன்றது. வண்ணம் இல்லாவிட்டாலும் ஓவியரின் கைவேகம் அதில் தெரிகிறது.

மூலம் கிடைத்தால் ஒரு மறுபதிப்பு எந்த உயரத்துக்குப் போகும் என்பதற்கு ஹால் ஃபாஸ்டரின் பிரின்ஸ் வேலியண்ட் நல்ல சான்று. 1937 பிப்ரவரி 13-இல் தொடங்கிய இந்த ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்ச் சித்திரத்தொடரை ஃபென்டாகிராஃபிக்ஸ் பதிப்பகம் முன்னர் மெல்லட்டையில் வெளியிட்டிருந்தது. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த ஃபாஸ்டரின் சொந்த வண்ண மெய்ப்புகளிலிருந்து 2009 முதல் கெட்டி அட்டையில், தொகுதிக்கு ஈராண்டுக் கதை என்ற கணக்கில், மீண்டும் கொண்டுவந்தது. நம் உறுப்பினர் ஒருவரிடம் இரு பதிப்பும் உள்ளன. கடற்போர் வரும் ஒரு பக்கத்தை அருகருகே வைத்தபோது, பழையதில் ஒரே பச்சைத் திட்டாக இருந்த அலை, புதியதில் நுரையும் நிழலுமாகப் பிரிந்து நின்றது. பாய்மரக் கயிறுகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. அதே பதிப்பகம் சார்லஸ் ஷுல்ஸின் பீநட்ஸ் தொடரின் ஐம்பது ஆண்டுகளையும் 2004 தொடங்கி 2016-க்குள் ஒரே அளவில், ஒரே அமைப்பில், ஒன்றும் விடாமல் முடித்துக்காட்டியது. தொடங்கிய வரிசையை முடிக்கும் பதிப்பகத்துக்கே முன்னுரிமை தர வேண்டும் என்ற நம் விதிக்கு அதுவே முன்மாதிரி.

கட்டமைப்பு பற்றிய கூட்டத்துக்கு, பைண்டிங் தொழிலில் பல்லாண்டு பழகிய பெரியவர் ஒருவரை அழைத்திருந்தோம். புத்தகத்தை நிறுத்தி முதுகின் மேல்விளிம்பைப் பார்த்தால், தைத்த புத்தகத்தில் பாரங்கள், அதாவது மடித்த தாள்கட்டுகள், தனித்தனி மடிப்பாகத் தெரியும் என்றும், பசை மட்டும் இட்டதில் வெட்டிய தாள்களின் ஒரே சமதளமே தெரியும் என்றும் எடுத்துக்காட்டினார். புதிய தொகுதியை நடுவில் பிளந்து திறக்காமல், முன்னும் பின்னுமாகச் சில தாள்களைப் புரட்டிப் புரட்டி நடுவுக்கு வர வேண்டும் என்று அவர் செய்து காட்டியதை, அன்று வந்த இளைஞர்கள் தம் கையாலும் செய்து பார்த்தனர். இணையவழி வாங்கிய ஒரு பெரிய தொகுதி மூலை நசுங்கி வந்து, விற்பனையாளர் மாற்றித் தர மறுத்த நிகழ்ச்சியும் இவ்வாண்டு உண்டு. இனி மன்றத்துக்கு வரும் பொதிகளைப் பிரிக்கும்போதே படமெடுத்து வைப்பதெனச் செயற்குழு முடிவு செய்துள்ளது.

தமிழுக்கு வருகிறேன். நம் ஊர்களில் கெட்டி அட்டைத் தொகுதியைப் பதிப்பகத்தார் தருவதற்கு முன்பே வாசகர்கள் தாமே செய்துகொண்டார்கள். வார இதழ்களின் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தெருமுனை பைண்டரிடம் கொடுத்துக் கட்டி வைத்த பழக்கமே சித்திரக்கதைக்கும் வந்தது. இவ்வாண்டு மறைந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவரின் குடும்பத்தார் மன்றத்துக்கு அளித்த பெட்டியில், 1980-களின் பாக்கெட் அளவு லயன் காமிக்ஸ் இதழ்களைச் சேர்த்துக் காலிகோ துணி ஒட்டிக் கட்டிய தொகுதிகள் இருந்தன. விளிம்பைச் சீராக்க வெட்டியதில் சில பக்கங்களில் பேச்சுக் குமிழின் ஓரம் போய்விட்டது. ஆனால் ஓர் இதழும் விடுபடவில்லை. அன்னாரது மறைவுக்கு மன்றம் தன் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவிக்கிறது. குடும்பத்தாருக்கு நம் நன்றி.

2010-இல், XIII என்ற பிரெஞ்சு மொழித் தொடரின் தமிழ் வடிவமான இரத்தப் படலத்தின் பதினெட்டு பாகங்களும் கறுப்பு வெள்ளையில் ஒரே புத்தகமாகச் சிவகாசியிலிருந்து வந்தபோது நம்மில் பலர் அடைந்த மகிழ்ச்சியை நினைவூட்ட வேண்டியதில்லை. 2015-இல் கேப்டன் டைகரின் மின்னும் மரணம் தொகுப்பும், 2018-இல் இரத்தப் படலத்தின் முழுவண்ணத் தொகுப்பும் வந்தன. வான் ஹாமும் ஓவியர் வில்லியம் வான்ஸும் படைத்த இரத்தப் படலத் தொடரின் பதினெட்டாம் பாகத்தை மட்டும், நம் கேப்டன் டைகரை வரைந்த ழான் ஜிரோ வரைந்திருக்கிறார் என்பதை இரு தொகுப்பையும் வைத்திருப்போர் கவனித்திருப்பர். வான்ஸ் 2018-இல் காலமானார். முன்பதிவு செய்யும் வாசகர்களை நம்பியே இத்தகைய தமிழ்த் தொகுப்புகள் அச்சேறுகின்றன. ஆகவே முன்பதிவு அறிவிப்பு வந்தவுடன் உறுப்பினர்களின் தொகையைத் திரட்டி ஒன்றாக அனுப்பும் ஏற்பாட்டை வரும் ஆண்டிலும் தொடர்வோம்.

இரும்புக்கை மாயாவியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1962-இல் பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் ஹெசூஸ் பிளாஸ்கோவின் ஓவியத்தில் தொடங்கிய இக்கதை, 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தது. பிரிட்டனில் அதன் தொடக்கப் பகுதியை டைட்டன் பதிப்பகம் 2005-இல் தொகுத்தது. 2021-இல் ரெபெல்லியன் நிறுவனம் மீண்டும் தொகுக்கத் தொடங்கியது. அக்காலப் பிரிட்டிஷ் வார இதழ்களின் மூல ஓவியங்களில் பல அழிந்தும் சிதறியும் போய்விட்டதால், அச்சான இதழ்களே இன்று மறுபதிப்புக்குத் துணை. தமிழில் நிலைமை இதைவிட நெருக்கடியானது. முதற்பதிப்பின் தமிழ் வசனமும், அட்டை ஓவியமும், வாசகர் கடிதப் பக்கமும் நம் வீட்டுப் பரண்களில் தவிர வேறெங்கும் முழுமையாக இருக்கும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

இதன்பொருட்டே பழந்தமிழ்ச் சித்திரக்கதை இதழ்களின் பதிவேடு ஒன்றை இவ்வாண்டு தொடங்கினோம். இதழின் பெயர், வெளியான ஆண்டு, அட்டையின் நிலை, விடுபட்ட பக்கங்கள் ஆகியவற்றை மட்டும் எழுதுகிறோம். உரிமை பதிப்பகத்தாருடையது, எனவே நகலெடுத்துப் பரப்பும் வேலையில் மன்றம் இறங்காது. பதிப்பகத்தார் மறுபதிப்புக்காகக் கேட்டால், எந்த இதழ் நல்ல நிலையில் உள்ளது என்று உரியவரின் இசைவோடு சொல்ல நம்மால் முடியும். துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்களை எடுத்துவிட்டு நூலால் தைப்பது, இராமபாணப் பூச்சி வராமல் அலமாரியை மாதம் ஒருமுறை திறந்து தூசு தட்டுவது, கனத்த தொகுதிகள் சாயாதபடி இருபுறமும் முட்டுக் கொடுத்து நிறுத்துவது, மிகப் பருமனானவற்றைப் படுக்கை வசத்தில் வைப்பது ஆகியவற்றுக்குப் பயிற்சிக் கூட்டமும் நடத்தினோம்.

பதிவேட்டுப் படிவத்தை இன்னும் நிரப்பித் தராத உறுப்பினர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்குள் என்னிடமோ துணைச் செயலாளரிடமோ சேர்ப்பிக்க வேண்டுகிறேன். பின்னட்டை இல்லாத, நடுப்பக்கம் கிழிந்த இதழ்களையும் தயங்காமல் எழுதித் தாருங்கள். ஒருவரிடம் இல்லாத பக்கம் இன்னொருவரிடம் இருந்ததை ஏற்கெனவே சிலமுறை கண்டோம். இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்