கடைமடைக்கு வரும் நிலவு: பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். அடைமழைக்குப் பிறகு வயலில் நிற்கும் தண்ணீர் அமாவாசையை ஒட்டி வடிய மறுக்கிறது, அட்டமி வந்தால் வடிகிறது என்று தொலைபேசியில் சொன்னீர்கள். பூமியையே தன்னைச் சுற்ற வைத்திருக்கும் சூரியன் இருக்க, கடலை ஏற்றுவதில் மட்டும் நிலவின் கை எப்படி ஓங்கியது என்றும் கேட்டீர்கள். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்து விவசாயிகள் எல்லோருக்கும் உதவும் கேள்வி என்பதால் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. பூமியைச் சூரியன் இழுக்கும் விசை, நிலவு இழுக்கும் விசையைப் போலச் சுமார் 180 மடங்கு. ஆனால் பூமி முழுவதும் ஒரே அளவில் இழுபட்டால் நிலமும் கடலும் சேர்ந்தே நகரும். கடல் மட்டும் ஏறக் காரணமில்லை. கடல் ஏறி இறங்கும் ஓதத்தை உண்டாக்குவது, ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் அந்த இழுப்பில் உள்ள வேறுபாடு. இதற்கான அடிப்படையை 1687இல் நியூட்டன் விளக்கினார்.

கணக்காகவே பாருங்கள். நிலவு சுமார் 3,84,000 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அதற்கு நேர்கீழே உள்ள கடல், பூமியின் மையத்தைவிட 6,400 கி.மீ. நெருக்கம்; அறுபதில் ஒரு பங்கு. அதனால் அங்கே இழுப்பு சுமார் முப்பதில் ஒரு பங்கு கூடுகிறது. சூரியனோ 15 கோடி கி.மீ. தள்ளி இருக்கிறது. அந்தத் தொலைவுக்கு 6,400 ஒரு பொருட்டே அல்ல. கூடுவது ஏறத்தாழ 12,000இல் ஒரு பங்கு. அதை 180 ஆல் பெருக்கினாலும் நிலவின் பங்கில் பாதிகூட வராது.

மறுபக்கக் கடலும் அதே வேளையில் ஏறுவது இதனால்தான். அந்தப் பக்கத்து நீரைவிடப் பூமியின் மையம் அதிகமாக இழுபடுகிறது, நீர் பின்தங்குகிறது. ஆகவே நம் கரையில் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை கடல் ஏறுகிறது. இன்று ஏறிய நேரத்தைவிட நாளை சுமார் 50 நிமிடம் தாமதம்.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று சேர்ந்து ஏற்றுகின்றன. அட்டமியில் ஒன்றின் வேலையை மற்றது குறைக்கிறது. நாகப்பட்டினம் கரையில் இந்த ஏற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் தட்டையான கடைமடையில் ஒரு முழம் உயர்ந்தாலே வடிகால் திணறும், ஷட்டரை இறக்காவிட்டால் உப்புநீரும் உள்ளே ஏறும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிலவு ஒவ்வொரு மாதமும் சுமார் 3,63,000 கி.மீ. வரை நெருங்கி, 4,05,000 கி.மீ. வரை விலகுகிறது. தொலைவில் வேறுபாடு சிறிதுதான். ஆனால் கடலை ஏற்றும் விசை நெருங்கும்போது ஏறக்குறைய 40 விழுக்காடு கூடிவிடுகிறது. அந்த நெருக்கம் அமாவாசையோடு சேர்ந்தால் கடல் வழக்கத்தைவிட மேலே வரும். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. ஐப்பசி, கார்த்திகைக்கு உரிய பக்கங்களை எடுத்து அனுப்புகிறேன். ஷட்டரைத் திறக்கும் நேரத்தை அதைப் பார்த்தே முடிவு செய்யச் சொல்லி ஊர்க் கூட்டத்தில் பேசுங்கள். பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்