ஈசாக்கு எங்கடா?

அப்பா,

நாளையோடு ஒரு வருடம். அம்மா நினைவுக் கூட்டத்துக்குப் பிரியாணி சொல்லிவிட்டார். அண்ணன் சுவா சூ காங் இடுகாட்டுக்குப் போய் உங்கள் கல்லறைக் கல்லைத் துடைத்துவிட்டு வந்தான். எனக்குக் கொடுத்த வேலை உங்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவது. "நீதானே படிச்சவன்" என்கிறார்கள். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். சபை ஆட்களும் இதைப் படிப்பார்கள், அதனால் அந்தக் கிறிஸ்துமஸ் இரவைத் தொடப் போவதில்லை.

நம் சிங்கப்பூர்த் தேக்காச் சந்தையைத்தான் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு இரண்டாம் ஆண்டு விடுமுறை. ஆராதனை முடிந்து உணவங்காடியில் உட்கார்ந்தோம். தே தாரிக்கின், அந்த இழுத்து ஆற்றிய டீயின், நுரையைக் கரண்டியால் ஓரமாக ஒதுக்கிக்கொண்டே, "அப்படி என்னதான்டா சொல்லித் தர்றாங்க?" என்றீர்கள். என் படிப்பைப் பற்றி நீங்கள் கேட்ட முதல் கேள்வி அது. விடுவேனா? கணக்குப் படிப்பவன்கூட அங்கே வேதாகம வகுப்பு எடுத்தே ஆக வேண்டும் என்றேன். காலையில் சேப்பல், அது முடிந்ததும் அடுத்த கட்டடத்தில் தத்துவவாதி ஹியூம். அற்புதத்துக்குச் சாட்சி சொல்பவனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று. ஐந்து ஆகமங்களையும் மோசே எழுதவில்லை என்று பாடம் நடத்துகிறவரே ஒரு போதகர். அப்புறம் டென்மார்க் தத்துவவாதி கீர்க்ககார்ட், 1843இல் வந்த அவருடைய 'அச்சமும் நடுக்கமும்', மகன் ஈசாக்கைப் பலியிட மலைக்குக் கூட்டிப்போன ஆபிரகாம். கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன்.

நீங்கள் கேட்டது ஒன்றுதான். "சரி, மலையிலேர்ந்து இறங்கும்போது ஈசாக்கு எங்கடா?"

"அது முக்கியமில்லப்பா."

மீதியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துவிட்டீர்கள்.

விடுதிக்குத் திரும்பி ஆதியாகமம் 22ஐத் திறந்தேன். போகும்போது இருவரும் சேர்ந்து போனதாக இரண்டு தடவை வருகிறது. 19ஆம் வசனத்தில் ஆபிரகாம் வேலைக்காரர்களிடம் திரும்புகிறான். மகன் பெயரே இல்லை. அதற்குப் பிறகு அப்பாவும் மகனும் பேசிக்கொண்டதாக ஒரு வரிகூட இல்லை.

இறுதியாண்டுக் கட்டுரை முழுவதையும் அந்தக் கேள்வியின் மேல்தான் எழுதினேன். 'ஏ' கிடைத்தது. அடிக்குறிப்பெல்லாம் ஜெர்மானியர் பெயர்கள், உங்கள் பெயர் இல்லை. தேக்காவில் டீ குடிக்கும்போது அப்பா கேட்டார் என்று எப்படிப் போடுவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போட்டிருக்கலாம். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் நீங்கள் மட்டும் என்னவாம்? நான்கு வருடமும் கேட்டவர்களிடமெல்லாம் "பிசினஸ் படிக்கிறான்" என்றீர்கள். ஓர் அங்கிள் என்னிடம் வங்கி வேலை பற்றி விசாரித்தபோது நான் முழித்தேன், நீங்கள் உங்கள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். போதகராகவாவது வருவேன் என்று நினைத்தீர்களா? ஒரு தடவை கேட்டிருக்கலாமே. சேமநிதிக் கல்விக் கடன் உள்ளூர்ப் படிப்புக்குத்தான் என்று தெரிந்ததும், 55 வயதில் எடுத்த பணத்தை ஒரு வார்த்தை பேசாமல் என் கணக்கில் போட்டீர்கள். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஆபிரகாம் 400 சேக்கல் வெள்ளி கொடுத்துக் கல்லறைக் குகையை வாங்கினான். ஈசாக்கும் அவன் அண்ணன் இஸ்மவேலும் அதில் அவனை அடக்கம் செய்தார்கள். நமக்குச் சுவா சூ காங்கில் ஒரு கல்லறைக்கு 15 வருடம்தான், அதில் ஒன்று போய்விட்டது. அன்று பெட்டியை அண்ணனும் நானும் ஒரே பக்கம் பிடித்தோம். மற்றதெல்லாம் வீட்டு விஷயம்.

இன்னொன்று. அந்தக் கட்டுரைக்காகத் தேடும்போதே உங்களுக்கு ஒரு பதில் கிடைத்தது. ஊருக்கு வந்து சொல்லலாம், சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ஆதியாகம ரப்பா என்று யூத ரபிகளின் பழைய விளக்கவுரை இருக்கிறது. அவர்களும் உங்களைப் போலவே கேட்டிருக்கிறார்கள்: ஈசாக்கு எங்கே? ஒரு ரபி சொல்கிறார், ஆபிரகாம் அவனை நோவாவின் மகன் சேமிடம் வேதம் படிக்க அனுப்பிவிட்டானாம்.

கட்டணம் எவ்வளவு என்று எழுதவில்லை.